ஒரே பேருந்தில் இரண்டு பேர்: ஜெர்ரி மோரிஸின் ஆய்வும் நம் வகுப்பறையும்

பத்தாம் வகுப்பு அறிவியலில் விலங்குகளின் சுற்றோட்டம் நடத்தும்போது இதய நோய் பற்றிப் பேசுகிறோம். "உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லது" என்று ஒரு வரி சொல்லிவிட்டு அடுத்த தலைப்புக்குப் போய்விடுகிறோம். அந்த ஒரு வரியை எண்களோடு நிறுவ ஒரு மருத்துவர் தம் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டார். அந்த வரலாற்றைப் பாடத்துடன் சேர்த்து இரண்டு பாடவேளைகளில் நடத்தலாம். அறிவியல், கணித, உடற்கல்வி ஆசிரியர்கள் மூவரும் இணைந்து செய்தால் இன்னும் சிறப்பு.

ஜெர்ரி மோரிஸ் 1910ஆம் ஆண்டு லிவர்பூலில் பிறந்தார். போலந்திலிருந்து குடிபெயர்ந்து வந்த ஏழைக் குடும்பம். கிளாஸ்கோ நகரில் வளர்ந்தார். சிறுவயதில் தந்தை அவரை நான்கு மைல் நடைக்கு அழைத்துச் செல்வாராம். ஒரு மணி நேரத்துக்குள் முடித்தால் ஐஸ்கிரீம் கிடைக்கும். மாணவர்களுக்கு இந்தச் செய்தி பிடிக்கும். மருத்துவம் படித்து, இரண்டாம் உலகப் போரின்போது இராணுவ மருத்துவராக இந்தியாவிலும் பர்மாவிலும் பணியாற்றினார். பிரிட்டனில் அனைவருக்கும் பொதுவான தேசிய சுகாதார சேவை தொடங்கிய 1948ஆம் ஆண்டில்தான், மருத்துவ ஆராய்ச்சிக் குழுவின் சமூக மருத்துவப் பிரிவும் அவர் தலைமையில் செயல்படத் தொடங்கியது.

அக்காலத்தில் மாரடைப்பு பெருகிக்கொண்டிருந்தது. காரணம் தெளிவாகத் தெரியவில்லை. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் படுக்கையில் வைத்திருப்பதே வழக்கமான சிகிச்சை. இதயத்துக்கு ஓய்வுதான் மருந்து என்று நம்பிய காலம் அது. செய்யும் தொழிலுக்கும் இதய நோய்க்கும் தொடர்பு உண்டா என்று மோரிஸ் குழுவினர் தேடினர். லண்டன் போக்குவரத்துப் பணியாளர்களில் 35 முதல் 64 வயது வரையிலான ஏறத்தாழ 31,000 ஆண்களின் பதிவுகள் அவர்களுக்குக் கிடைத்தன.

வகுப்பில் கதையை இந்த இடத்தில் நிறுத்திவிட வேண்டும். முடிவைச் சொல்லாமல் ஒரு கேள்வி மட்டும் கேளுங்கள்: ஒரே நிறுவனம், ஒரே பேருந்து, ஒரே சாலை. ஓட்டுநர், நடத்துநர் இருவரில் யாருக்கு மாரடைப்பு அதிகம் வந்திருக்கும்?

என் வகுப்பில் பாதிப்பேர் நடத்துநர் என்றனர். "சில்லறைக்கு நாள் முழுக்கச் சண்டை போடணும் சார், டென்ஷன்" என்பது அவர்களின் காரணம். "எங்க ஊர் பஸ்ல கண்டக்டரும் சீட்டுல உட்கார்ந்துதான் டிக்கெட் கொடுக்கிறார், ரெண்டு பேரும் ஒண்ணுதான்" என்றான் ஒருவன். நல்ல கேள்வி அது. அதற்குப் பிறகுதான் லண்டன் பேருந்தின் படத்தைக் காட்டினேன். அது இரட்டை மாடிப் பேருந்து. பயணச்சீட்டு கொடுக்க நடத்துநர் மாடிக்கும் கீழுக்கும் ஏறி இறங்கியாக வேண்டும். ஒரு பணிநாளில் 500 முதல் 750 படிகள். ஓட்டுநரோ பணிநேரத்தில் பத்தில் ஒன்பது பங்கு உட்கார்ந்தே இருந்தார்.

1953இல் 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவு வெளியானது. ஆண்டுக்கு ஆயிரம் பேரில் ஓட்டுநர்களில் சுமார் 2.7 பேருக்கும் நடத்துநர்களில் 1.9 பேருக்கும் இதய நோய் வந்திருந்தது. இது எத்தனை விழுக்காடு குறைவு என்பதை மாணவர்களையே கணக்கிடச் சொல்லுங்கள். சுமார் 30 வரும். "நடத்துநர்களுக்குப் பாதிதான்" என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். பாதியாக இருந்தது மாரடைப்பு வந்த முதல் மூன்று மாதங்களுக்குள் ஏற்பட்ட இறப்பு வீதம்தான். இரண்டும் வேறு வேறு அளவுகள். எதை எதனுடன் ஒப்பிடுகிறோம் என்று கேட்கும் பழக்கத்தைப் புள்ளியியல் பாடத்தில் வளர்க்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குக் கிடைக்கவில்லை.

அஞ்சல் துறையிலும் இதே போக்கு தென்பட்டது. நடந்தும் மிதிவண்டியிலும் தபால் கொடுத்தவர்களைவிட, உட்கார்ந்து பணியாற்றிய எழுத்தர்களுக்கும் தொலைபேசி இயக்குநர்களுக்கும் பாதிப்பு கூடுதல்.

இத்துடன் பாடத்தை முடித்துவிட்டால் மாணவர்களுக்கு ஒரு தகவல் மட்டுமே கிடைக்கும். மோரிஸ் இத்துடன் முடிக்கவில்லை. வேறு விளக்கங்கள் இருக்கலாம் என்று அவரே ஐயப்பட்டார். பருமனானவர்கள் தொடக்கத்திலேயே ஓட்டுநர் வேலையைத் தேர்ந்தெடுத்திருந்தால்? இதைச் சோதிக்க அவர் கையில் எடுத்தது சீருடை அளவுப் பதிவேடு! நிறுவனமே சீருடை வழங்கியதால் ஒவ்வொருவரின் கால்சட்டை இடுப்பளவும் பதிவாகியிருந்தது. 1956இல் வந்த கட்டுரையின் தலைப்பிலேயே 'சீருடைகளின் நோய்ப்பரவியல்' என்ற தொடர் உண்டு. ஐயம் வீண்போகவில்லை. ஓட்டுநர்களின் இடுப்பளவு பெரிதாகத்தான் இருந்தது, இளம் வயதினரிடையேகூட. ஆனால் ஒல்லியானவர், நடுத்தர உடம்புக்காரர், பருமனானவர் என்று தனித்தனியாகப் பிரித்து ஒப்பிட்டபோதும், ஒவ்வொரு பிரிவிலும் நடத்துநர்களிடையே திடீர் மரணம் குறைவு.

சரி, வேலையில் உழைப்பவர்களுக்கு இது பொருந்தும். நாள் முழுவதும் நாற்காலியில் இருப்பவர்களுக்கு? 1968 முதல் 1970 வரை, 40 முதல் 64 வயதுள்ள 16,882 அரசு அலுவலர்களிடம் மோரிஸ் குழு தகவல் திரட்டியது. திங்கட்கிழமை காலையில், அதற்கு முந்தைய வெள்ளி, சனி இரு நாள்களிலும் ஓய்வுநேரத்தில் செய்தவற்றை அவர்கள் எழுதித் தந்தனர். நீச்சல், வேகமான மிதிவண்டி ஓட்டம் போன்று மூச்சு வாங்கும் பயிற்சி செய்தவர்களுக்கு இதய நோய் அபாயம், செய்யாதவர்களுக்கு இருந்ததில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் என்று 1973இல் வெளியிட்டனர். அப்போது மோரிஸ் லண்டன் சுகாதார, வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் பேராசிரியர். இந்த ஆய்வுகள் எல்லாமே ஆண்களைப் பற்றியவை என்பதையும் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் மாணவிகள் கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

அமெரிக்காவில் ரால்ஃப் பாஃபன்பார்கர், துறைமுகத் தொழிலாளர்களையும் ஹார்வர்டு பல்கலைக்கழக முன்னாள் மாணவர்களையும் ஆராய்ந்து இதையொத்த முடிவுகளுக்கு வந்தார். 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கின்போது விளையாட்டு அறிவியலுக்கான ஒலிம்பிக் பரிசு இருவருக்கும் சேர்த்து வழங்கப்பட்டது. மோரிஸ் 2009இல் தம் 99ஆம் வயதில் மறைந்தார்.

இன்று மருத்துவமே மாறிவிட்டது. நியூசிலாந்திலும் சுவீடனிலும் மருந்துச் சீட்டைப் போலவே உடலியக்கத்தையும் மருத்துவர் எழுதித் தருகிறார். 2023இல் நம் மக்கள் நல்வாழ்வுத் துறை 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டத்தின் கீழ் மாவட்டந்தோறும் 8 கி.மீ. நடைபாதை அமைத்தது.

பள்ளி எங்கே நிற்கிறது? 5 முதல் 17 வயதுள்ளோர் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிடம் மூச்சு வாங்கும் அளவுக்கு இயங்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வாரத்துக்கு 420 நிமிடம். உடற்கல்விக்கு 40 நிமிடத்தில் இரண்டு பாடவேளை என்றால் 80 நிமிடம். அதிலும் ஒன்றைத் தேர்வு நெருங்கும்போது யார் எடுத்துக்கொள்கிறார்கள் என்பது ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் தெரியும். பாடத்தை முடிக்க வேண்டிய நெருக்கடி உண்மையானதுதான். ஆனால் சுற்றோட்ட மண்டலத்தை நடத்தி முடிப்பதற்காக மாணவரின் இரத்த ஓட்டத்தையே நிறுத்தி உட்கார வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதல் செயல்பாடு எளியது. மணிக்கட்டில் நாடித்துடிப்பை ஒரு நிமிடம் எண்ணச் சொல்லுங்கள். இரண்டு நிமிடம் படி ஏறி இறங்கச் செய்யுங்கள், உடனே எண்ணுங்கள், மூன்று நிமிடம் கழித்து மீண்டும் எண்ணுங்கள். ஆஸ்துமா, இதயக் கோளாறு, காய்ச்சல் உள்ளவர்களை ஏறச் சொல்லாமல் நேரம் பார்க்கவும் பதிவு செய்யவும் வையுங்கள். எண்களை வைத்துச் சராசரியும் வரைபடமும் கணித வகுப்பில் தொடரலாம்.

இரண்டாவது, மோரிஸ் செய்த அதே திங்கட்கிழமைப் பதிவு. வெள்ளி மாலையும் சனிக்கிழமையும் என்ன செய்தோம் என்று ஒவ்வொருவரும் எழுதித் தர வேண்டும். பெயர் வேண்டாம், ஆணா பெண்ணா என்பது மட்டும் போதும். என் வகுப்புப் பதிவுகளில் மாணவர்கள் பலர் கிரிக்கெட் எழுதியிருந்தனர். மாணவிகள் எழுதியவை பாத்திரம் கழுவியது, துணி துவைத்தது, தம்பியைத் தூக்கி வைத்திருந்தது. விளையாட்டு என்று எழுதியவர்கள் மிகச் சிலரே. மோரிஸும் உடல்நலத்தைத் தனிமனிதரின் ஒழுக்கமாக மட்டும் பார்த்தவர் அல்லர். வறுமைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பை விளக்கிய 1980ஆம் ஆண்டின் பிளாக் அறிக்கைக் குழுவில் அவர் உறுப்பினர். 90 வயதில், நலமாக வாழக் குறைந்தது எவ்வளவு வருமானம் வேண்டும் என்று கணக்கிட்ட ஆய்வில் உடலியக்கத்துக்கான செலவையும் சேர்த்தார். மைதானமும் நேரமும் அனுமதியும் இல்லாத பிள்ளையிடம் போய் விளையாடு என்று சொல்லிப் பயன் இல்லை.

வீட்டு வேலை உடற்பயிற்சியில் சேருமா என்ற வாதம் வகுப்பில் மணி அடித்த பின்னும் ஓயவில்லை. அளந்து பார்த்துவிடலாம் என்று மாணவிகளே முடிவு செய்தார்கள். மறுநாள் இருவர் குழாயடியிலிருந்து வீடு வரை தண்ணீர்க் குடம் சுமந்து, இறக்கியதும் துடிப்பை எண்ணிக்கொண்டு வந்தனர். படி ஏறியபோது வந்த எண்ணுக்குச் சற்றே குறைவு. அடுத்து ஆண்பிள்ளைகள் குடம் தூக்கி அளக்க வேண்டும் என்பது அவர்களின் கோரிக்கை. அந்தப் பதிவு இன்னும் எனக்கு வந்து சேரவில்லை.