அத்துமீறலும் வீடுடைப்பும்

'டிரெஸ்பாஸ்', 'ஹவுஸ்பிரேக்கிங்' ஆகிய ஆங்கிலச் சொற்கள் இரண்டும் பிறர் இடத்தில் குற்றநோக்குடன் நுழைவதையே சுட்டுகின்றன. எனினும், இரண்டும் ஒன்றல்ல.

காஞ்சிபுரத்துப் பிள்ளையார்பாளையத்தில் நெசவாளரின் இல்லமே தறிக்கூடமாகவும் விளங்கும். அங்குக் கடன் கேட்டு வந்த ஒருவர், வெளியேறுமாறு கூறிய பின்னும் மிரட்டும் நோக்குடன் அங்கேயே இருந்தால் அஃது அத்துமீறல். திறந்த வாயில்வழி முறையாக நுழைந்தவரும் இக்குற்றத்திற்கு ஆளாவார். 'அத்து' என்பது எல்லை. இங்கு மீறப்படுவது உரிமையின் எல்லை.

குற்றநோக்குடன் பூட்டைத் திறந்தோ, ஓட்டைப் பிரித்தோ, சுவரைத் துளைத்தோ நுழைந்தால் அது வீடுடைப்பு. சுவரில் திருடர் இடும் துளையைக் 'கன்னம்' என்றும், அதற்குரிய கருவியைக் 'கன்னக்கோல்' என்றும் தமிழர் வழங்கினர். வீடுடைப்பு யாவும் அத்துமீறலே. அத்துமீறல் யாவும் வீடுடைப்பு ஆகா.

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இவற்றை 441, 445ஆம் பிரிவுகளில் தனித்தனியே வரையறுத்தது. 2024 சூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 329, 330ஆம் பிரிவுகளிலும் அவ்வேறுபாடு தொடர்கிறது. ஒரு பட்டிழைகூடக் களவு போகாவிடினும் இவை குற்றங்களே. ஆதலால், முறையீடு எழுதுவோர் 'உள்ளே நுழைந்தார்' என்பதோடு நில்லாது, எவ்வழியில், எந்நோக்கில் நுழைந்தார் என்பதையும் தெளிவாக எழுதுதல் வேண்டும்.