அந்தி வகுப்பில் ஆட்டிசம் உள்ள பிள்ளை

பினாங்கில் கடை வைத்திருக்கும் நம்மவர் வீடுகளில், பிள்ளைகள் பகல் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் சோறு தின்று உடுப்பு மாற்றி, ஓதுகிற வகுப்புக்கோ, பணம் கட்டிச் சேர்க்கும் பராமரிப்பு நிலையத்துக்கோ போவது வழக்கம். அத்தா கடையடைத்து வர இரவாகிவிடும். உம்மாவும் வேலைக்குப் போகிற காலம் இது. ஆகவே இந்த இரண்டு மூன்று மணி நேரம் பாடத்துக்கு மட்டுமன்று, பிள்ளை பத்திரமாக இருப்பதற்கும் நமக்கு வேண்டியிருக்கிறது. அத்தகைய வகுப்பில் ஆட்டிசம் உள்ள பிள்ளை ஒன்று வந்து சேர்ந்தால் அதை எப்படி வைத்து நடத்துவது என்பதே இக்கட்டுரையின் விஷயம். நான் ஆலிமுமல்லன், டாக்டருமல்லன். மத்ரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் படித்த கடைக்காரன். ஒரு வகுப்பில் உதவிக்கு உட்கார்ந்து கற்றதையும், விவரமறிந்தவர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்ததையும் சொல்கிறேன்.

முதலில் என் தவறைச் சொல்லிவிடுகிறேன். எட்டு வயதுப் பையன் ஒருவன். இருபது பிள்ளைகள் சேர்ந்து உரக்க ஓதும்போது இரண்டு காதையும் பொத்திக்கொண்டு முன்னும் பின்னும் ஆடுவான். ஓதும் நேரத்தில் காதைப் பொத்துவதாவது என்று நான் அவன் கையைப் பிடித்து இழுத்தேன். அவன் அலறி, முன்னாலிருந்த பலகையைத் தள்ளிவிட்டு, வாசலுக்கு ஓடினான். அன்று மாலையே பெற்றோரை அழைத்து, "கொஞ்ச நாள் வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்" என்றோம். அந்த அம்மாள் மறுத்துப் பேசவில்லை. செருப்பை எடுத்து மகன் காலில் மாட்டியபடி, "இது நாலாவது இடம்" என்று மட்டும் சொன்னார். அந்த வார்த்தை என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. சேட்டை செய்கிற பிள்ளையை நாங்கள் கண்டித்தோம் என்று நினைத்திருந்தேன். உண்மையில் வலியில் இருந்த பிள்ளையைத்தான் வெளியே அனுப்பியிருந்தோம்.

ஆட்டிசம் என்பது தொற்று வியாதியன்று, செய்வினையுமன்று, பைத்தியமுமன்று. பிறவியிலேயே மூளை வேறு விதமாக அமைந்து வளர்வது. 1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் லியோ கன்னர் என்னும் டாக்டர் 11 பிள்ளைகளைக் கவனித்து இதைப்பற்றி விரிவாக எழுதினார். அதன்பின் நெடுங்காலம், தாய்க்குப் பாசமில்லாமையால்தான் பிள்ளை இப்படியாகிறது என்று பெரிய படிப்பாளிகளே சொல்லிவந்தார்கள். அது பொய்யென்று 1964-இல் பெர்னார்ட் ரிம்லாண்ட் என்பவர் நூலெழுதி வாதாடினார். அவர் மகனுக்கே ஆட்டிசம் இருந்தது. தடுப்பூசியால் வருகிறது என்று 1998-இல் இங்கிலாந்தில் வெளிவந்த கட்டுரையையும், அதை வெளியிட்ட பத்திரிகையே 2010-இல் வாபஸ் வாங்கிக்கொண்டது. இவ்வளவுக்குப் பிறகும் நம் கல்யாண வீடுகளில் ஒரு பிள்ளை வாய் பேசாமலிருந்தால், "உம்மா போனையே பார்த்துக்கொண்டிருந்திருப்பாள்" என்று சொல்லும் நாக்குகள் இருக்கின்றன. அந்த நாக்குகளால்தான் பல வீடுகளில் பிள்ளையை ஒளித்து வைக்கிறார்கள்.

பகல் பள்ளியில் ஒழுங்காக இருக்கும் பிள்ளை பின்நேரத்தில் ஏன் குழப்பம் செய்கிறது? இதைப் பலரும் கேட்கிறார்கள். ஆட்டிசம் உள்ள பிள்ளைகளில் பலருக்குச் சப்தம், வெளிச்சம், தொடுகை, வாசனை எல்லாம் நமக்குத் தெரிவதைவிடப் பன்மடங்கு கூர்மையாகத் தெரியும். சிலருக்கு நேர்மாறாக மந்தமாகத் தெரிவதுமுண்டு. காலை ஏழரை மணியிலிருந்து அதையெல்லாம் அடக்கிக்கொண்டு உட்கார்ந்த பிள்ளை, மூன்று மணிக்கு நம்மிடம் வரும்போது முதல் தீர்ந்த வியாபாரியைப் போல வருகிறது. இன்னும் ஒரு சிறு செலவைக்கூட அதனால் தாங்க முடியாது. ஆகவே வந்தவுடன் கிதாபைத் திறக்கச் சொல்லாமல் முதல் இருபது நிமிஷம் அதைச் சும்மா விடவேண்டும். குடிக்கத் தண்ணீர், தனியாக உட்கார ஓர் இடம், கையில் வைத்திருக்க அதற்குப் பிடித்த ஒரு சாமான், இவ்வளவுதான் வேண்டும்.

நாங்கள் அந்தப் பையனைப் பத்து நாள் கழித்துத் திரும்ப அழைத்தோம். இம்முறை அவன் உம்மாவிடம் முதலில் உட்கார்ந்து கேட்டோம்: எது பிடிக்கும், எது பயம், பசித்தால் எப்படிக் காட்டுவான், எது நடந்தால் கலங்குவான் என்று. சேர்க்கிற நாளிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள் இவை. பிறகு கடையில் நாள்வழிக் கணக்கு எழுதுகிற மாதிரி ஒரு நோட்டுப் போட்டேன். அவன் கலங்கிய நேரம், அதற்குச் சற்று முன் நடந்தது, பின் நடந்தது என்று மூன்றே பத்தி. இரண்டு வாரத்தில் கணக்குத் தெளிந்துவிட்டது. ஒன்பது தடவையில் ஏழு தடவை, ஜன்னலுக்குப் பக்கத்திலிருந்த ஒலிபெருக்கியில் அஸர் பாங்கு தொடங்கியபோதோ, எல்லோரும் ஒரே குரலில் ஓதியபோதோ நடந்திருந்தது. பாங்கின் மேல் அவனுக்கு வெறுப்பில்லை. எதிர்பாராமல் வந்து விழும் சப்தத்தின் மேல்தான் பயம். அவன் இடத்தை எதிர்ச்சுவர் ஓரம் மாற்றினோம். ஐந்து நிமிஷத்துக்கு முன் கடிகார முள்ளைக் காட்டி, "இனி பாங்கு" என்று சொல்லி வைத்தோம். இரும்பறுக்கும் ஆட்கள் மாட்டிக்கொள்ளும் காதுமூடி ஹார்ட்வேர் கடைகளில் விற்கிறது. அதில் சின்னதாக ஒன்று வாங்கிக் கொடுத்தோம்.

அடுத்தது படவரிசை. 1972 முதல் அமெரிக்காவின் வட கரோலினாவில் எரிக் ஷாப்லர் என்பவர் நடத்திய திட்டத்தில், இப்பிள்ளைகளுக்குக் காதால் சொல்வதைவிடக் கண்ணால் காட்டுவது நன்றாகப் பதிகிறது என்று கண்டு, நாளின் வேலைகளைப் படமாக வரிசைப்படுத்தித் தந்தார்கள். இதற்குச் செலவே இல்லை. ஓர் அட்டையில் செருப்பு, ஒளு, ஓதல், தண்ணீர், விளையாட்டு, அத்தா வருவது என்று ஆறு படம் ஒட்டி, முடிந்த படத்தை அவனே பிடுங்கி உறையில் போடவேண்டும். உஸ்தாது லீவு என்றால் அன்று வருகிறவருடைய படத்தை முன்கூட்டியே மாட்டவேண்டும். பெரியவர்களாகிய நாம் "சற்றுப் பொறு" என்கிறோம். சற்று என்றால் எவ்வளவு? அந்தப் பிள்ளைக்கு அது கணக்கில்லாத கடன் மாதிரி. "முள் நாலுக்கு வந்ததும்" என்றால் புரியும். சொல்வதைச் சுருக்கமாக ஒரு தடவை சொல்லி, மனசுக்குள் பத்து எண்ணும்வரை பதிலுக்குக் காத்திருக்கவேண்டும். என் முகத்தைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்தலாகாது. பார்க்காமலே கேட்பவை பல.

பாஷையைப் பற்றி ஒரு விஷயத்தைச் சற்று அழுத்தியே சொல்லவேண்டும். நம் பிள்ளைகளுக்கு வீட்டில் தமிழ், பள்ளியில் மலாய், கிதாபில் அரபு, தெருவில் ஹொக்கியன். ஆட்டிசம் என்று தெரிந்ததும், "ஒரே பாஷை பேசுங்கள், தமிழை விட்டுவிடுங்கள்" என்று யாராவது யோசனை சொல்லிவிடுகிறார்கள். இரண்டு பாஷை கேட்டு வளர்வதால் இப்பிள்ளைகளின் பேச்சு பின்தங்குவதில்லை என்று ஆராய்ச்சிகள் காட்டியிருக்கின்றன. தமிழை எடுத்துவிட்டால் நன்னிமாவோடு பேசும் வழியும் அல்லவா போய்விடும்? வகுப்பில் பாடம் எந்தப் பாஷையிலிருந்தாலும், ஆறுதல் சொல்வதைத் தாய் பேசும் பாஷையிலேயே சொல்லுங்கள்.

வாசலும் தண்ணீரும் பெரிய அபாயம். இப்பிள்ளைகளில் பலர் திடீரென்று வெளியே நடந்துவிடுவார்கள். நம்முடைய பழைய கடைவீடுகளில் ஐந்தடியைத் தாண்டினால் வாகனங்கள்தான். பலருக்குத் தண்ணீரின் மேல் தனி மோகம் உண்டு. அவ்வாறு அலைந்து போன பிள்ளைகளின் மரணங்களில் நீரில் மூழ்கியவையே முன்னிற்பதாக அமெரிக்கக் கணக்குகள் சொல்கின்றன. பள்ளிவாசல் ஹவுளை நாம் அபாயமாக நினைப்பதில்லை. பிள்ளையைத் தேடும்போது முதலில் அங்கேதான் ஓடவேண்டும். கதவுக்கு ஒருவர் பொறுப்பு என்று பெயர் சொல்லி வையுங்கள். எல்லோரும் பார்த்துக்கொள்வோம் என்றால் யாரும் பார்க்கமாட்டார்கள்; கல்லாப்பெட்டியில் நாம் அறிந்த பாடம்தானே!

பிள்ளை கலங்கி அலறிவிட்டால் பேச்சைக் குறைக்கவேண்டும். சுற்றி நிற்கும் பிள்ளைகளை அப்புறப்படுத்தி, மின்விளக்கை அணைத்து, அபாயமான சாமானை எடுத்துவிட்டு, அருகில் சும்மா உட்காருங்கள். ஓடி விழுந்துவிடும் என்றாலொழியப் பிடிக்கவேண்டாம். அடிப்பது ஒருக்காலும் கூடாது. அமைதி மூலை என்று ஓரிடம் வைத்தால் அது தண்டனை மூலையாக மாறிவிடாமல் காக்கவேண்டும். நல்ல நேரத்திலும் அவன் அங்கே போகலாம். பண்டம் கொடுக்கும்போது குழம்பு பட்ட சோற்றைத் தின்னாவிட்டால் வெறுஞ்சோறு கொடுங்கள். மற்றப் பிள்ளைகளிடம், பெற்றோர் சம்மதத்துடன், "அவனுக்குச் சப்தம் வலிக்கும், அதனால் மெதுவாகப் பேசுவோம்" என்று சொன்னால் போதும். பெரியவர்களைவிட அவர்கள் சீக்கிரம் விளங்கிக்கொள்கிறார்கள்.

இந்த நாட்டில் அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்குகளில் 18-ஆம் மாதத்திலும் 3 வயதிலும் பெற்றோரிடம் சில கேள்விகள் கேட்டு ஆட்டிசத்தின் அடையாளம் பார்க்கிறார்கள். டாக்டர் உறுதி செய்தபின் சமூக நல இலாகாவில் ஓகேயு அட்டை பெறலாம். ஆட்டிசம் அதில் கற்றல் குறைபாட்டுப் பிரிவில் வருகிறது. இவர்களின் உரிமைக்கென்று 2008-இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. திரெங்கானுவில் 1984-இல் தொடங்கி நாடெங்கும் பரவிய சமூக மறுவாழ்வு நிலையங்களும், 1980-களின் பிற்பகுதியில் பெற்றோர்கள் சேர்ந்து அமைத்த மலேசிய தேசிய ஆட்டிசச் சங்கமும் பயிற்சிக்கு வழி சொல்லும். அக்காமாருக்கு வரன் தட்டிப்போகும் என்று அட்டை வாங்காமல் இருப்பவர்களை நான் அறிவேன். அவர்கள் பயம் விளங்குகிறது. ஆனால் அட்டை இல்லாததால் அந்தப் பிள்ளைக்குத்தான் ஆசிரியரும் சலுகையும் கிடைக்காமல் போகின்றன.

கண் பார்வையற்ற இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்கள் பாடம் கேட்க வந்தபோது நடந்ததையொட்டி 'அபஸ' அத்தியாயம் இறங்கியதை நம்மில் ஓதியவர்கள் அனைவரும் அறிவோம். அதை இருபது பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுக்கும் வகுப்பிலிருந்துதான் ஒரு பிள்ளையை வெளியே அனுப்பினோம் என்பது எனக்குப் பின்னால்தான் உறைத்தது.

அந்தப் பையன் இப்போது அஸருக்கு ஐந்து நிமிஷம் முன்னதாகத் தானே கடிகாரத்தைப் பார்த்துக் காதுமூடியை மாட்டிக்கொள்கிறான். தனியாக ஓதினால் நான்கைந்து சிறிய சூராக்கள் பிழையின்றி வருகின்றன. எல்லோரும் ஒரே குரலில் ஓதும் நேரத்தில் மட்டும் இன்னும் உள்ளே உட்காரமாட்டான். வாசற்படிக்கு உட்புறம், கதவுக்குப் பொறுப்பானவர் பக்கத்தில் உட்கார்ந்து படங்களை அடுக்கிக்கொண்டிருப்பான். நாங்கள் அழைப்பதில்லை.