பருவத்தின் கடைசி நாள்

அருமை மகளுக்கு,

கனடாவில் பனி கரையத் தொடங்கிவிட்டதென்றும், இவ்வாண்டு நீங்கள் குடும்பத்துடன் பனிச்சறுக்குக்குச் சென்ற நாள்களையெல்லாம் கைப்பேசியே எண்ணி வைத்திருக்கிறதென்றும், அந்த எண்ணிக்கை சென்ற ஆண்டைவிடக் குறைந்துபோனது உனக்குப் பெருந்துயரமாக இருக்கிறதென்றும் எழுதியிருந்தாய். கணக்கு வைக்கும் வழக்கம் உன்னிடம் படிந்திருப்பது எனக்குப் பரம திருப்தி. ஆயினும், வெறும் எண் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு பருவம் எப்படி வந்தது, எப்படி முடிந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. அதை விளக்கவே இக்கடிதம்.

இங்கே பனி ஏது? நமக்கு வாய்த்தது ஆறு. ராஜபாளையத்துக்கு மேற்கே, மாந்தோப்புகளையும் தென்னந்தோப்புகளையும் கடந்து மலையடிவாரத்தை அடைந்தால், 1988-இல் சாம்பல் நிற அணில் சரணாலயமாகவும் 2021-இல் புலிகள் காப்பகமாகவும் ஆன அந்த வனத்தின் ஓரத்தில், நீர்காத்த அய்யனார் கோயில் கொண்டிருக்கிறார். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை மலைமேல் பொழியும்போது ஆறு பெருகும். வெள்ளம் மிகுந்தால் வனத்துறையார் எவரையும் இறங்க விடமாட்டார்கள். வெள்ளம் தணிந்ததும் ஊரிலுள்ள குடும்பங்கள் புளியோதரைப் பொட்டலத்துடன் நீராடப் புறப்பட்டுவிடும். தை பிறந்தபின் நீர் நாளுக்கு நாள் மெலியும். மார்பளவு நின்று குளித்த கசத்தில் முழங்கால்தான் நனையும். பாசி பிடித்து வழுக்கிய பாறை காய்ந்து வெளுக்கும். கரையிலுள்ள நீர்மருதின் வேர்கள் மண்ணரித்த இடத்தில் வெறுமையாய்த் தொங்கும்.

புதுவெள்ளம் வந்த தேதியைக் கேட்டால் ஊரில் பத்துப் பேராவது சொல்வார்கள். ஆறு ஓட்டம் நின்ற தேதியைக் கேட்டால் ஒருவரும் சொல்லமாட்டார்கள். காரணம் மறதி அன்று. முதல் நாள் வரும்போதே தன்னை முதல் நாளென்று அறிவித்துக்கொண்டு வருகிறது. கடைசி நாளோ, அது கழிந்து பல நாள் சென்றபிறகே கடைசி நாளென்று தெரியவருகிறது. ஆற்றங்கரையில் வாலை ஓயாமல் ஆட்டிக்கொண்டு பூச்சி பொறுக்கும், முதுகு சாம்பலும் வயிறு மஞ்சளுமான வாலாட்டிக் குருவியின் விஷயமும் இதுவே. இமயத்திலிருந்தும் அதற்கப்பாலிருந்தும் புரட்டாசிக்கு முன்பின்னாக அது வந்துசேர்ந்தவுடன் கண்ணில் பட்டுவிடும். சித்திரை வாக்கில் அது புறப்படும் நாளை அறியவேண்டுமாயின், அது இல்லாத கரைக்கும் நாம் போய்ப் பார்த்திருக்க வேண்டும். பெங்களூரின் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தார் 2007-இல் தொடங்கிய 'மைக்ரன்ட் வாட்ச்' என்னும் திட்டம், வலசைப் பறவைகளின் வரவையும் போக்கையும் இப்படிச் சாமானிய மக்கள் எழுதி அனுப்பும் குறிப்புகளைக் கொண்டே ஆராய முற்பட்டது.

ஆகவே, குழந்தாய், நீ சறுக்கிய நாள்களோடு, புறப்பட்டும் சறுக்க முடியாமல் திரும்பிய நாள்களையும் எழுது. வரவை மட்டும் எழுதிச் செலவை விட்டுவிட்ட குடும்பக் கணக்கினால் என்ன பயன்? ஜப்பானில் சுவா என்னும் ஏரி உறைவதை 1443 முதல் அங்குள்ள ஆலயப் பூசாரிகள் வழிவழியாகப் பதிந்து வந்திருக்கிறார்கள். அந்த ஏடுகளின் பெருமையே, ஏரி உறையாத ஆண்டுகளையும் அவர்கள் அதே சிரத்தையோடு எழுதிவைத்ததில் இருக்கிறது. முற்காலத்தில் அபூர்வமாயிருந்த உறையா ஆண்டுகள் அண்மைக் காலத்தில் அடிக்கடி நேர்கின்றன என்று இன்று உலகம் அறிவது அவற்றால்தான். நம் காஷ்மீரத்துக் குல்மார்க்கில் 2025 பிப்ரவரியில் நடக்கவிருந்த குளிர்காலப் போட்டிகள், போதிய பனியில்லாமையால் மார்ச்சுக்குத் தள்ளிவைக்கப்பட்டன. நீங்கள் சறுக்கப் போகும் மலையிலும் பனி போதாத அத்தகைய நாள்கள் இருந்திருக்கும். அவை உன் கைப்பேசிக் கணக்கில் ஏறியிரா.

முடிந்ததென்று அவசரப்பட்டு ஏட்டை மூடிவிடவும் கூடாது. மேலே பெய்த கோடை மழை ஒரே மாலையில் வறண்ட ஓடையைக் காட்டாறாக்கிவிடும். 2015 மே மாதத்தில் சதுரகிரி மலையில் அப்படி வந்த திடீர் வெள்ளம் பக்தர்கள் சிலரின் உயிரைக் கொண்டுபோயிற்று. நீரோ பனியோ, மலையின் பருவம் நம் பஞ்சாங்கத்துக்குக் கட்டுப்பட்டதன்று.

எழுதும் முறை எளிது. தேதி, இடம், வானம், காலடியில் பனி எத்தகையது, உடன் வந்தவர் யார் என்பவற்றை அன்றிரவே எழுதிவிடு. மறுநாள் எழுதினால் ஞாபகம் தன் விருப்பப்படி அலங்கரித்துவிடும். ஆண்டுதோறும் ஒரே இடத்தைக் குறித்துக்கொள். மலையேறும் வழியில் ஒரு பாறையையோ மரத்தையோ தேர்ந்துகொண்டு, பனி அதில் எதுவரை நிற்கிறதென்று பார்த்து எழுது; நான் ஆற்றில் ஒரு பாறையை அப்படித்தான் வைத்திருக்கிறேன்.

இந்த ஆண்டுக்கும் இன்னும் காலம் கடந்துவிடவில்லை. வரும் ஞாயிற்றுக்கிழமை உன் அப்பாவை அழைத்துக்கொண்டு, சறுக்குப் பலகை இல்லாமலே அந்த மலைக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, பனி எந்த அளவில் இருக்கிறதென்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் பெரியப்பா