பூட்டிய கதவும் சமத்துவமும்

எல்லோருக்கும் ஒரே அளவு கிடைத்துவிட்டால் அதுவே சமத்துவமாகிவிடுமா? அரசியல் தத்துவ அறிஞர்கள் நெடுங்காலமாக விவாதித்து வரும் கேள்வி இது. நம் வளவனூர் வட்டாரத்தில் நடந்த ஒரு நிகழ்ச்சியை வைத்தே இதை விளங்கிக்கொள்ளலாம்.

விழுப்புரம் மாவட்டம் மேல்பாதி கிராமத்தில் தர்மராஜா திரௌபதி அம்மன் கோவில் இருக்கிறது. 2023 ஏப்ரலில் திருவிழாவின்போது உள்ளே சென்ற தலித் இளைஞர்கள் தாக்கப்பட்டனர். சமாதானப் பேச்சு பலிக்கவில்லை. ஜூன் 7ஆம் தேதி அதிகாரிகள் கோவிலைப் பூட்டி முத்திரையிட்டனர். 2024 மார்ச்சில் நீதிமன்ற உத்தரவின்படி கதவு திறந்தது. ஆனால் பூஜை செய்வதற்கு மட்டுமே, பொதுமக்களுக்கு அனுமதியில்லை. 2025 ஏப்ரலில்தான் தலித் மக்கள் போலீஸ் பாதுகாப்புடன் உள்ளே சென்று வழிபட்டனர்.

சற்றுச் சிந்தித்துப் பாருங்கள். கதவு பூட்டிக் கிடந்த நாட்களில் இரு சாராரும் வெளியேதான் நின்றார்கள். கணக்குப்படி இருவரும் சமமே. ஆயினும் அங்கே சமத்துவம் நிலவியது என்று யாரேனும் சொல்வார்களா? கலகம் மூளாதிருக்கப் பூட்டு தேவைப்பட்டிருக்கலாம். அமைதி வேறு, சமத்துவம் வேறு.

இங்கிலாந்து அறிஞர் டெரெக் பார்ஃபிட் 1991இல் ஆற்றிய சொற்பொழிவில் இந்தச் சிக்கலை எடுத்துக்காட்டினார். பார்வையுள்ளவர்களின் கண்களையும் பறித்துவிட்டால் எல்லோரும் சமமாகிவிடுவர். அதனால் பார்வையற்ற ஒருவருக்காவது நன்மை உண்டா? ஆகவே, அளவு ஒன்றாக இருப்பதே சமத்துவத்தின் சிறப்பு என்பது பொருந்தவில்லை.

பின் அதன் சிறப்பு எதில் இருக்கிறது? அமெரிக்க அறிஞர் எலிசபெத் ஆண்டர்சன் 1999இல் எழுதிய கட்டுரையில் இதற்கு விடை தந்தார். பங்கின் அளவைவிட, மனிதர் ஒருவரையொருவர் எப்படி நடத்துகிறார்கள் என்பதே முக்கியம். ஒருவர் மேல், ஒருவர் கீழ் என்ற உறவு ஒழிவதே சமத்துவம் என்பது அவர் கருத்து. நமது அரசியல் சட்டத்தின் 17ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்ததும் இந்த உறவை மாற்றுவதற்கே. மேல்பாதி மக்கள் கேட்டதும் அதைத்தான். மற்றவர்களையும் வெளியே தள்ளுங்கள் என்று அவர்கள் கேட்கவில்லை. எங்களையும் உள்ளே விடுங்கள் என்றே கேட்டார்கள்.

அண்டை வீட்டாரின் குறையைப் பேசுவதோடு இந்தப் பாடம் முடிந்துவிடக் கூடாது. நாம் பள்ளியில் தோளோடு தோள் நிற்கிறோம்; விருந்தில் ஒரே சஹனில் உண்கிறோம். வீட்டு வேலைக்கு வரும் பெண்ணுக்குத் தனிக் குவளை இருக்கிறதா? வண்ணார், நாவிதர், துப்புரவுப் பணியாளர் வந்தால் திண்ணையோடு நிறுத்துகிறோமா? குவளை விஷயத்தை யாரேனும் சுட்டிக்காட்டினால், "இனி யாருக்குமே டீ கிடையாது" என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள முடியும். அது பூட்டுப் போட்டவர் கண்ட சமத்துவம். தனிக் குவளையை எடுத்துவிட்டு, நாம் குடிக்கும் குவளையிலேயே அவருக்கும் கொடுப்பதுதான் மெய்யான சமத்துவம். பிள்ளைகள் அதைப் பார்த்தே வளரட்டும்.