வேலியில் கை வைக்கும் முன்

யாழ்ப்பாணத்தில் நீதிமன்ற ஆணையோடு நான் அளக்கப் போன காணிகளில் பலவற்றின் தகராறு சீதன உறுதியில்தான் தொடங்கியிருக்கும். தேசவழமைப்படி மூத்தவளுக்கு வடக்குப் புறம் இரண்டு பரப்பு, இளையவளுக்குத் தெற்குப் புறம் இரண்டு பரப்பு என்று தகப்பன் எழுதிக் கொடுத்திருப்பார். வரைபடம் இராது, நாலு பக்கமும் அயலவர் பெயர் மட்டும். நடுவில் கதியால் நட்டு அடைத்ததோடு விஷயம் முடிந்துவிடும். பேரப்பிள்ளைகள் காலத்தில் அளந்தால் நாலு பரப்பு மூன்றே முக்காலாக நிற்கும். கால் பரப்பு என்பது ஏறக்குறைய 680 சதுர அடி. சகோதரிகளின் பிள்ளைகள் முகம் பாராமல் போவதற்கு அது காணும்.

குறைவு யார் பங்கில் விழுவது? உறுதியில் எல்லைகள் தெளிவாக இருந்து பரப்பளவு மட்டும் ஒத்துவராவிட்டால், நீதிமன்றம் பெரும்பாலும் எல்லையையே பிடித்துக்கொள்ளும். ஆகவே நான் முதலில் பார்ப்பது வேலியை. பூவரசும் கிளுவையும் முள்முருக்கும் நிற்கிற பழைய உயிர்வேலி எத்தனை சாட்சிகளுக்குச் சமம்! அடிமரத்தின் பருமன், பட்டைக்குள் புதைந்துபோன முட்கம்பி, இவற்றை வைத்து வயதை மதிப்பிட்டு அறிக்கையில் எழுதுவேன். வழக்குத் தொடங்கும் மணம் வந்ததும் சிலர் செய்கிற முதல் வேலை அந்த வேலியை வெட்டி மதில் எழுப்புவது. “சேர், மதில் எழும்பீட்டுது, இனி அவை என்ன செய்யேலும்?” என்று என்னிடமே கேட்டவர் உண்டு. தன் பக்கத்துச் சாட்சியையும் அவரே வெட்டியிருந்தார்.

பக்கத்து வீட்டுக்காரர் வேலியை நகர்த்தினால் படம் எடுங்கள், பொலிசில் முறைப்பாடு போடுங்கள். பலாத்காரமாக வெளியேற்றப்பட்டவர் இரண்டு மாதத்துக்குள் விஷயத்தை நீதிமன்றுக்குக் கொண்டுவந்தால், 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்கச் சட்டத்தின் 66ஆம் பிரிவின்கீழ் ஆட்சியை மீளப் பெற வாய்ப்புண்டு. உறவினர் பேசித் தீர்ப்பார்கள் என்று காத்திருந்தே அந்த இரண்டு மாதத்தைப் பலர் தொலைக்கிறார்கள். அங்கே கிடைப்பது தற்காலிகக் கட்டளைதான். உரித்து மாவட்ட நீதிமன்றத்தில் தீரும்.

மாவட்ட நீதிமன்றத்தில் எந்த வழக்குப் போடுவது என்பதைச் சட்டத்தரணியோடு இருந்து பேசுங்கள். முன்பு இருந்த பொது எல்லை அழிந்துபோனால் எல்லை நிர்ணய வழக்கு. அயலவர் உங்கள் நிலத்தைப் பிடித்திருக்கிறார் என்றால் அது உரித்து வழக்கு. உறுதிகளைத் தொடராக நிரூபிக்க வேண்டும்.

வலிகாமம் வடக்கு வேறு கதை. 1990இல் போரால் இடம்பெயர்ந்தவர்கள் திரும்பியபோது பல இடங்களில் வேலியும் இல்லை, வீடும் இல்லை. அப்படியான இடத்தில் பழைய வரைபடத்தைப் புதிய அளவையின்மேல் பொருத்த, அசையாத ஏதாவது ஒன்று வேண்டும். பங்குக் கிணறு தூர்ந்திருந்தாலும் அதன் வட்டம் அகப்படும். அயலவரின் உறுதிகளையும் தேடி எடுங்கள். உங்கள் எல்லை அவர்களுடைய உறுதியிலும் எழுதியிருக்கும்.

அளவை நாளில் நேரில் நில்லுங்கள். நீங்கள் காட்டுகிற எல்லையையும் மற்றவர் காட்டுகிற எல்லையையும் நான் இரண்டு கோடாகவே கீறுவேன். காட்டாததை என்னால் கீற முடியாது. வழக்கு நடுவில் இணக்கம் வந்தால் அதை நீதிமன்றில் பதியச் செய்யுங்கள். வெளியில் இணங்கினால் நொத்தாரிசிடம் உறுதி முடித்து, வரைபடத்தையும் சேர்த்துக் காணிப் பதிவகத்தில் பதியுங்கள். 1840ஆம் ஆண்டுச் சட்டப்படி காணியை மாற்றும் வாய்ப்பேச்சு செல்லாது, அக்கா தங்கைக்குள் என்றாலும்.