முந்திரி ஓடு குப்பையா?

பண்ருட்டிப் பக்கத்தில் பிறந்த நமக்கு முந்திரிப் பருப்பைப் பற்றி யாரும் சொல்லித்தர வேண்டாம். நான் எழுதுவது, உடைத்த பிறகு மூலையில் குவித்துப் போடும் ஓட்டைப் பற்றி.

ஒரு கிலோ கொட்டை உடைத்தால் கால் கிலோ பருப்பு தேறினாலே பெரிசு. மிச்சத்தில் பெரும்பங்கு ஓடுதான். அந்த ஓட்டைக் குறுக்கே வெட்டினால் தேன்கூடு மாதிரி சின்னச் சின்ன அறைகள் தெரியும். (வெறுங்கையால் தொடாதீங்க!) அறைகளுக்குள் இருப்பது கருஞ்சிவப்பு எண்ணெய். ஓட்டின் எடையில் ஏறக்குறைய கால் பங்கு இந்த எண்ணெய்தான்.

இதில் அதிகம் இருப்பது அனகார்டிக் அமிலம். கார்டால் என்ற பொருளும் உண்டு. தோலை வேக வைப்பது இவைதான். கொட்டை உடைக்கப் போகும் எங்கம்மா, கையில் சாம்பலைத் தொட்டுக்கொண்டுதான் உட்காரும். அப்படியும் விரல் நுனி கறுத்துத் தோல் உரியும். விதையைப் பூச்சி தின்னாமல் காக்க மரம் செய்த ஏற்பாடு இது. பூச்சிக்கும் அம்மா விரலுக்கும் அதற்கு வித்தியாசம் தெரியாது.

இந்த எண்ணெயைச் சூடாக்கினால் அனகார்டிக் அமிலத்திலிருந்து கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். மிஞ்சுவது கார்டனால். இது பீனால் வகையைச் சேர்ந்தது. சாதாரண பீனாலைப் பெரும்பாலும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கிறார்கள். பெட்ரோலியம் எடுக்க எடுக்கத் தீரும். முந்திரி வருஷா வருஷம் காய்க்கும். கார்டனாலை ஃபார்மால்டிஹைடுடன் சேர்த்தால் கெட்டியான பிசின் கிடைக்கிறது. அதைப் பொடியாக்கி பஸ், லாரிகளின் பிரேக் லைனிங்கில் கலக்கிறார்கள். பிரேக் பிடிக்கும்போது வரும் சூட்டை அது தாங்கும். பெயிண்ட், வார்னிஷ் செய்யவும் கார்டனால் உதவுகிறது. மரப்படகு உளுத்துப் போகாமல் இருக்க, ஓட்டு எண்ணெயை அப்படியே பூசுவதும் உண்டு.

இவ்வளவு சரக்கு உள்ள ஓட்டைத்தான் அடுப்பிலும் சூளையிலும் போட்டு எரிக்கிறோம். நன்றாக எரியும், எண்ணெய் இருக்கே! ஆனால் புகை கண்ணைக் கரிக்கும், தொண்டை கமறும். முதலில் இயந்திரச் செக்கில் போட்டு எண்ணெயைப் பிழிந்துவிட்டால், மிஞ்சும் சக்கையும் எரியத்தான் செய்யும். அதைக் கட்டியாக அழுத்தி பாய்லருக்கு விற்கிறார்கள். ஒரே ஓட்டுக்கு இரண்டு வருமானம். வீட்டில் உடைப்பவர்கள் ஓட்டை மழையில் நனையாமல் சாக்கில் கட்டி வைத்தால் எண்ணெய் ஆலைக்குப் போடலாம்.

இதையெல்லாம் அம்மாவிடம் சொன்னேன். "ஓடு முதலாளிக்குத்தானே போவுது? அந்தக் காசுல உடைக்கிறவங்களுக்கு ஆளுக்கு ஒரு ஜோடி கிளவுஸ் வாங்கித் தரலாம்ல, அதையும் எழுது"ன்னு சொல்லிச்சு. எழுதிட்டேன்.

– ஒன்பதாம் வகுப்பு மாணவி