தொட்டி மீன் வளர்ப்பு: முதலில் தண்ணீரைப் பண்படுத்துவோம்

காணியை விட்டு வெளியேறிய குடும்பத்தோடு கமத்தொழில் அறிவும் கூடவே வந்துவிடுகிறது. வயல் கையில் இல்லாத காலத்திலும் அந்த அறிவு வீணாகிப் போக வேண்டியதில்லை. உறவினர் வளவிலோ வாடகை வீட்டிலோ பாய் விரிக்கும் அளவு நிழல் கிடைத்தால் அலங்கார மீன் வளர்க்கலாம். பிள்ளைகளுக்கு அது ஒரு மகிழ்ச்சி. பொறுமையோடு செய்தால் சிறு வருமானமும் வரும்.

ஆனால் பலர் முதல் வாரத்திலேயே மீன்களை இழந்து, “எங்களுக்கு இது சரிவராது” என்று தொட்டியைக் கவிழ்த்து விடுகிறார்கள். காரணம் ஒன்றுதான். கமக்காரர் விதைக்கு முன் மண்ணைப் பண்படுத்துகிறார். அதேபோல மீனுக்கு முன் தண்ணீரைப் பண்படுத்த வேண்டும்.

1. தொட்டி

கண்ணாடித் தொட்டிதான் வேண்டுமென்றில்லை. 3 அடி நீளம், 2 அடி அகலம், ஒன்றரை அடி உயரமுள்ள சீமெந்துத் தொட்டியில் கால் அடி குறைய நீர் விட்டால் ஏறக்குறைய 200 லீற்றர் கொள்ளும். புதுச் சீமெந்திலிருந்து கசியும் சுண்ணாம்பு மீனைக் கொல்லும். ஆகவே வாழைக்குற்றித் துண்டுகளைப் போட்டு இரண்டு, மூன்று வாரம் தண்ணீரில் ஊறவிட்டு, இடையிடையே நீரை மாற்றிக் கழுவுங்கள்.

காலை வெயில் படலாம். உச்சி வெயிலுக்குக் கிடுகு நிழல் தேவை. காகம், பூனை, சிறு குழந்தை ஆகிய மூன்றையும் நினைத்து வலையால் இறுக்கமாக மூடுங்கள்.

கிருமிநாசினி வந்த கலனையோ, மருந்து கலக்கிய வாளியையோ எவ்வளவு கழுவினாலும் மீனுக்குப் பயன்படுத்த வேண்டாம். மருந்து தெளித்த கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் தொட்டிக்குள் விடவும் கூடாது.

2. தண்ணீர்

குழாய்த் தண்ணீரிலும் பவுசர் தண்ணீரிலும் குளோரின் கலந்திருக்கும். வாயகன்ற பாத்திரத்தில் ஒரு நாள் முழுவதும் திறந்து வைத்தபின் பயன்படுத்துங்கள். யாழ்ப்பாணக் குடாநாட்டின் சுண்ணாம்புக்கல் நிலத்துக் கிணற்று நீர் கடினமானது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். கப்பி, மொலி, பிளற்றி ஆகிய மீன்களுக்கு இந்தக் கடின நீர் நன்கு ஒத்துக்கொள்ளும்.

இனி முக்கியமான விடயம். மீனின் கழிவிலிருந்தும் எஞ்சிய உணவிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. யூரியா ஈரத்தில் கிடந்தால் மூக்கைக் குத்தும் மணம் இதுவே. இது மீனுக்கு நஞ்சு. நீரில் வாழும் ஒருவகைப் பற்றீரியாக்கள் அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொரு வகை அதனை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சுதான், நைத்திரேற்று அவ்வளவு கெடுதல் செய்யாது. வயல் மண்ணில் பயிருக்கு உணவைப் பக்குவப்படுத்தும் அதே வேலைதான் தொட்டியிலும் நடக்கிறது.

புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் போதிய அளவு பெருக நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். ஆகவே முதலில் ஐந்தாறு கப்பிகளை மட்டும் விடுங்கள். ஒரு மாதத்தின்பின் சிறிது சிறிதாகக் கூட்டலாம். 200 லீற்றருக்கு 60, 70 கப்பிகளுக்கு மேல் வேண்டாம்.

வாரம் ஒருமுறை கால்வாசி நீரை அடியிலிருந்து குழாயால் இழுத்து மாற்றுங்கள். முழுத் தண்ணீரையும் ஊற்றிவிட்டுச் சுவரை உரஞ்சிக் கழுவினால் அங்கு படிந்திருந்த பற்றீரியாக்களும் போய்விடும். அகற்றிய நீரை மிளகாய், கத்தரி, பயற்றைக்கு விடுங்கள். அதில் பசளைச் சத்து உண்டு.

கோடையில் கிணறு வற்றினால் குடிநீருக்கே முதலிடம். வாரம் 50 லீற்றர் ஒதுக்க முடியாத வளவில் சிறிய தொட்டியும் குறைந்த மீனும் போதும்.

3. மீனை விடுதல்

வாங்கி வந்த பையைத் திறக்காமல் 15 நிமிடம் தொட்டி நீரில் மிதக்க விடுங்கள். பின்னர் தொட்டி நீரைச் சிறிது சிறிதாகப் பைக்குள் ஊற்றி, கால் மணி நேரம் கழித்து மீனை மட்டும் வலையால் எடுத்து விடுங்கள். கடைத் தண்ணீர் தொட்டிக்குள் வரவேண்டாம்.

4. உணவு

காலையும் மாலையும் மூன்று நிமிடத்தில் தின்று முடிக்கும் அளவு போதும். பட்டினியால் சாகும் மீனிலும் மிஞ்சிய தீனியால் கெட்ட நீரில் சாகும் மீனே அதிகம். சோறும் பாணும் போட்டால் நீர் விரைவில் பழுதாகும்.

நுளம்புக் குடம்பி கப்பிக்கு நல்ல உணவு. வளவில் தேங்கிய நீரில் கண்டால் தேயிலை வடியால் அரித்துப் போட்டுவிட்டு, அந்த நீரை ஊற்றிவிடுங்கள். குடம்பிக்காகவே வாளியில் நீர் விட்டு வைப்பது டெங்குவை நாமே வளர்ப்பதாகும்.

5. குஞ்சுகள்

கப்பி முட்டையிடுவதில்லை, ஏறக்குறைய நான்கு வாரத்துக்கு ஒருமுறை குஞ்சு ஈனும். தாயே குஞ்சுகளைத் தின்றுவிடுவதால் ஈனும் தறுவாயில் தாயை வேறாக்குங்கள். வேலம்பாசியைச் செறிவாக இட்டால் குஞ்சுகள் ஒளிந்துகொள்ளும். அவித்த முட்டை மஞ்சட்கருவைத் துணியில் வைத்துப் பிசைந்து, ஊசிமுனை அளவு கொடுங்கள். மூன்று, நான்கு வாரத்தில் ஆணையும் பெண்ணையும் பிரித்து விடுங்கள். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம் என்று காத்தால்தான் விலை கிடைக்கும்.

6. நோய்

விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தால் நீர் கெட்டிருக்கலாம், அல்லது ஒட்சிசன் போதாமல் இருக்கலாம். மருந்து தேடாமல் உடனே கால்வாசி நீரை மாற்றுங்கள். உப்புத் தூவியதுபோல் வெண்புள்ளி கண்டால் லீற்றருக்கு 2 கிராம் உப்பை இரண்டு நாளில் பிரித்துக் கரைத்து விடுங்கள். அந்த உப்பு நீரைப் பயிருக்கு விட வேண்டாம்.

7. குளத்தில் விடாதீர்கள்

கப்பி தென்னமெரிக்காவின் வட பகுதியைச் சேர்ந்தது. தொட்டி துப்புரவாக்கும் மீன் என விற்கப்படும் உறிஞ்சு வாய்க் கெளிறும் கத்தி மீனும் இலங்கையின் நீர்நிலைகளில் ஏற்கெனவே பரவியுள்ளன. வேண்டாத மீனைக் குளத்திலோ வாய்க்காலிலோ விட்டால் அந்தக் குளத்தை நம்பி வாழும் மீனவக் குடும்பத்தின் வலையில் கை வைக்கிறோம். வளர்க்க இயலாவிட்டால் அயலவருக்குக் கொடுங்கள். கடைக்குத் திருப்பிக் கொடுங்கள்.

8. வருமானம்

கடன்பட்டுத் தொடங்க வேண்டாம். ஒரு தொட்டியை ஆறு மாதம் பழுதின்றிப் பராமரித்தபின் இரண்டாவதைக் கட்டுங்கள். குஞ்சு பெருக முன்னரே வாங்குபவர் யார், எந்த நிறம், எந்த அளவு கேட்கிறார் என்று விசாரியுங்கள். 1998ஆம் ஆண்டின் 53ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த ‘நக்டா’ என்னும் அரச அதிகாரசபை நன்னீர் மீன் வளர்ப்புக்குப் பொறுப்பானது. தனியே செல்வதிலும் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து சென்று ஆலோசனை கேட்பது நல்லது. விற்கும்போதும் அந்தச் சேர்க்கை பேரம் பேச உதவும்.

குழுவில் கலந்துரையாட:

அ. எமது வளவில் வாரம் எத்தனை லீற்றர் நீரை மீனுக்கு ஒதுக்கலாம்? ஆடி, ஆவணி மாதங்களில் எவ்வளவு?

ஆ. தொட்டிக் கழிவு நீரை எந்தப் பயிருக்குப் பயன்படுத்தலாம்?

இ. சொந்தக் காணிக்குத் திரும்பும் நாள் வந்தால் இந்தத் தொட்டியை யார் பொறுப்பேற்பார்?